சீல் வைத்த பானை

உலகத்தில் அரசாங்கங்கள் ஆயிரம் இருக்கலாம். போர் நடத்துகிற அரசாங்கம் உண்டு, பாலம் கட்டுகிற அரசாங்கம் உண்டு, கட்டிய பாலம் எங்கே போயிற்று என்று தேடுகிற அரசாங்கமும் உண்டு. ஆனால் ஒரு பானை கறுப்பு அவரைப் பயறுக்காகக் கூட்டம் கூட்டி, வருகைப் பதிவு எடுத்து, எல்லாரும் எழுந்து நின்று தேசிய கீதம் பாடி, பதினான்கு விதிகள் இயற்றிய அரசாங்கம் எங்கள் சான் ப்ளாசிதோ நகராட்சி ஒன்றுதான். மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு அடுப்பங்கரையில் நடந்த ஆகப் பெரிய காரியம் இதுவே என்று நகராட்சிச் செய்தி மடல் எழுதியது. அந்த மடலை அச்சடிப்பதும் நகராட்சிதான் என்பதால் தகவலில் பிழை இருக்க வாய்ப்பே இல்லை.

இத்தனைக்கும் காரணம் லிசென்சியாதோ அர்னுல்ஃபோ. எங்கள் ஊரில் கழுத்துப்பட்டை கட்டியவர் எல்லாரும் லிசென்சியாதோதான். பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்று அவர்களைக் கேட்பது மரியாதை இல்லை. பட்டை எங்கே வாங்கினீர்கள் என்று வேண்டுமானால் கேட்கலாம். 'நமது பாரம்பரியம்: நேற்று, இன்று, நாளை மறுநாள்' என்ற மாநாட்டுக்காக அவர் மாநிலத் தலைநகருக்குப் போயிருந்தார். அங்கே ஓட்டலில் காலைச் சாப்பாட்டோடு மசித்து வதக்கிய பயறு வைத்தார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அது தகர டப்பாவிலிருந்து வந்தது என்று அவருக்கு உறுதியாயிற்று. ஊர் திரும்பியதும் நகர்மன்றத்தில் அழுதார். அழுகை கூட்டக் குறிப்பில் ஏறியது. அடுத்த வாரமே 'பாரம்பரியப் பயறு மெய்த்தன்மை ஆணையம்' பிறந்தது.

ஆணையத்தில் மூன்று பேர். தலைவர் அர்னுல்ஃபோ. நிபுணர், வெப்பமானியும் கைப்பையுமாக வரும் இஞ்சினியர் லெயோகாதியா. செயலாளர், குறிப்பேடும் வட்ட முத்திரையும் சுமக்கும் ஃபிதென்சியோ. உத்தரவு எளிமையானது. வீட்டில் சமைத்து வெளியாருக்குப் போடுகிறவர்கள் ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்குள் 'தாய்க்கை முத்திரை' வாங்க வேண்டும். வாங்காதவர் வீட்டு வாசலுக்குச் சீல்.

வெளியாருக்குப் போடுகிறவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். தொமித்திலா.

மரியாதைக்கு அவளை எல்லாரும் தோஞா, அதாவது அம்மா, என்பார்கள். அவள் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில். முன்னறையில் நான்கு மேசை. இருபத்திரண்டு வருடமாக மலைப்பாதைப் பேருந்து ஓட்டுகிறவர்கள் விடியலில் அங்கே வந்துதான் வண்டியை எடுப்பார்கள். முட்டை, சூடான சோளரொட்டி, காபி எல்லாம் உண்டு, ஆனால் அவையெல்லாம் பக்கவாத்தியம். கச்சேரி என்பது தட்டின் நடுவே கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு, சுருட்டிய பாய் மாதிரி படுத்திருக்கும் மசித்து வதக்கிய பயறு. அதற்கு இரண்டு நாள் வேண்டும், கண்ணுகளா. முதல் நாள் பானையில் வேக வைத்து, அன்றைக்குக் குழம்பாகக் கொஞ்சம் சாப்பிட்டு, மீதியை வைத்திருந்து, அது ஒரு ராத்திரி தன் சாற்றிலேயே கிடந்து தடித்த பிறகு மறுநாள் வாணலியில் போட்டு மசிப்பது. அன்றைக்கு வெந்த பயறை அன்றைக்கே மசித்தால் கஞ்சிதான் கிடைக்கும்.

ஆணையத்துக்கு இது தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். பதினோராவது விதியே அதுதான்: முதல் நாள் ஆணையத்தின் கண்முன் வெந்த அதே பானைப் பயறுதான் மறுநாள் வாணலிக்குப் போக வேண்டும். பன்னிரண்டாவது விதி: ஆய்வுக் காலம் முடியும்வரை அந்த வீட்டில் வேறு பயற்றுப் பானை அடுப்பேறக் கூடாது. 'இணைப் பானை குழப்பத்துக்கு வழிவகுக்கும்.' இவ்வளவு நுட்பமாக யோசிக்கிற நகராட்சிக்குச் சாலையில் இருக்கிற குழி கண்ணில் படவில்லையே என்று சிலர் குறை சொல்வார்கள். குழிக்குப் பாரம்பரியம் உண்டு; அதை யாரும் தொட முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆணையம் ஒன்பதரைக்குச் சரியாக வந்தது.

தொமித்திலா பயறை மேசையில் கொட்டிக் கல் பொறுக்கினாள். ஃபிதென்சியோ எழுதினார்: 'கல் பொறுக்கல், இருபது நிமிடம். கிடைத்த கல் மூன்று. ஆட்சேபம் இல்லை.' மூன்று தண்ணீரில் அலசி நேரே மண்பானையில் போட்டாள். ஏன் ஊறவைக்கவில்லை என்று இஞ்சினியரம்மா கேட்டார்.

"போன மாசம் அறுத்த பயறும்மா இது. கெழட்டுப் பயறுக்குத்தான் ஊறல் வேணும்."

கெழட்டு என்று எழுதலாமா என்று ஃபிதென்சியோ தயங்கினார். லிசென்சியாதோ கண்ணை மூடி யோசித்து, "மூத்த குடிமைப் பயறுன்னு போடு" என்றார்.

அரை வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு. உப்பு இல்லை. உப்பை இப்போதே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும், வெந்த பிறகுதான் என்று தொமித்திலா சொன்னாள். பானையின் வாயில் மூடியாக ஒரு மண் கிண்ணத்தை வைத்து அதில் தண்ணீர் ஊற்றினாள். பானை கொதிக்கக் கொதிக்க கிண்ணத்துத் தண்ணீரும் சூடாகும். பானையில் நீர் குறைந்தால் அதைத்தான் ஊற்றுவாள். பச்சைத் தண்ணீர் பட்டால் பயறு முறைத்துக்கொண்டு வேகாது. லெயோகாதியா கிண்ணத்தில் வெப்பமானியை விட்டுப் பார்த்து மெய்ம்மறந்தார். அதற்கு 'ஈரடுக்கு வெப்ப மீட்பு முறை' என்று பெயர் வைத்தார். பிற்பாடு ஒரு மாநாட்டில் அதைக் கண்டுபிடித்ததற்காக அவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்களாம். கிண்ணம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மணி நேரம் ஆயிற்று. எபசோத்தே தழையைக் கிள்ளிப் போட்டதும் வாசனை சந்துக்குப் போய்விட்டு வந்தது. உப்புப் போட்டாள். அப்போதுதான் லிசென்சியாதோ ஒன்பதாவது விதியை வாசித்தார்: முதல் நாள் நிலையை ஆணையம் 'போதுமான அளவு' சுவைத்துப் பார்க்கும். எவ்வளவு போதும் என்பது ஒருமனதாக முடிவு செய்யப்படும்.

விதி இல்லாவிட்டாலும் தொமித்திலா ஊற்றித்தான் இருப்பாள். பானை வெந்திருக்கிற வீட்டுக்கு ஆள் வந்தால் கிண்ணம் போகும். போன கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்கிறவன் எங்கள் ஊரில் பிறந்தவன் இல்லை. பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், பக்கத்தில் துணியில் சுற்றிய சோளரொட்டி என்று மூன்று பேருக்கும் வைத்தாள்.

முதல் கிண்ணம் முடிந்ததும் அது வெறும் அறிமுகம் என்று தலைவர் அறிவித்தார். பானையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் மாதிரி எடுத்தால்தான் அறிவியல் என்று இஞ்சினியரம்மா மூன்று கிண்ணம் வாங்கினார். ஃபிதென்சியோவுக்கு வாக்குரிமை இல்லை. ஆனாலும் குறிப்பு எழுதுகிறவருக்கு ஆதாரம் வேண்டாமா? போதும் என்று தலைவர் சொன்னபோது இஞ்சினியரம்மா, "எனக்குக் கருத்து இன்னும் உருவாகலீங்க" என்பார். அவருக்கு உருவானபோது தலைவருக்குக் கலைந்துவிடும். நாலு மணிக்குக் கரண்டி பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"லிசென்சியாதோ, ஒண்ணுமே மிச்சமில்லீங்க" என்றாள் தொமித்திலா.

"கவலைப்படாதீங்க தோஞா. இனிமே யாராலயும் தொட முடியாது."

சொல்லிவிட்டுப் பானையின் வாயில் வெள்ளைத் தாளைக் கட்டி, கயிறு சுற்றி, இரண்டு கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்தினார்கள்.

"வெறும் பானைக்கு எதுக்குங்க சீல்?"

"வெறும் பானைங்கிறது உங்க அபிப்பிராயம்" என்று லிசென்சியாதோ கனிவாகச் சொன்னார். "நாளைக்கு ஆணையம் பாத்துச் சொல்லும்."

மறுநாள் காலை ஆணையம் வந்து சீலைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்தது. முறைப்படி உடைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. குறிப்பு பின்வருமாறு எழுதப்பட்டது: 'சீல் சிதையவில்லை. பானையில் பொருள் இல்லை. சீல் இருக்கப் பயறு வெளியேறிய விதம் விசாரணைக்குரியது.' தொமித்திலாவிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தார்கள்.

அவளும் பக்கத்து வீட்டுத் தெஞ்சாவும் சேர்ந்து உட்கார்ந்து, நீங்கள்தான் சாப்பிட்டீர்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதினார்கள். அது திரும்பி வந்தது. படிவத்தில் கொடுத்திருக்கிற காரணங்களில் ஒன்றைத்தான் குறிக்க வேண்டுமாம். அ, திருட்டு. ஆ, எலி. இ, இயற்கைச் சீற்றம். தொமித்திலா நெடுநேரம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கடைசியில் எலி என்பதில் குறியிட்டாள்.

இதற்கு நடுவில் ஓட்டுநர்களுக்குப் பயறு இல்லை. பன்னிரண்டாவது விதிப்படி இன்னொரு பானை ஏற்ற முடியாதே. முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு எழுந்தார்கள். வாணலியை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒன்றும் இல்லாததால், இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஆறு மணி வண்டி ஆறு மணிக்கே கிளம்பியது. ஊரில் பாதிப்பேர் வண்டியைத் தவறவிட்டார்கள். ஓட்டுநர்களில் மூத்தவர் ருத்திலியோ வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அரசாங்கம் சாப்பிட்டா நாங்க சாப்பிட்ட மாதிரிதான் தோஞா. ஏப்பம் மட்டும் எங்களுக்கு வரமாட்டேங்குது."

சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒருவன் வண்டிக்கடை போட்டிருக்கிறான் என்று கேள்வி. தொமித்திலா அந்த இரண்டு நாற்காலியையும் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தாள். முத்திரை கிடைக்காவிட்டால் மற்ற நாற்காலிகளும் அப்படித்தான் போகும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஆய்வுக்குப் பெரிய பானையாக வைப்போம், மூன்று பேர் எவ்வளவுதான் தின்பார்கள் என்று தெஞ்சா தன் வீட்டுக் கல்யாணப் பானையைக் கொடுத்தாள். ஒரு குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. ஆணையம் அதைப் பார்த்ததும் கவலைப்பட்டது. இவ்வளவு பெரிய பானையை மூன்று பேர் மட்டும் ஆராய்வது பொறுப்பற்ற செயல். உடனே 'பெரும்பானைத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. குழுவில் ஏழு பேர், அவர்களில் இருவர் பார்வையாளர்கள். பார்வையாளர்கள் பார்ப்பதோடு நிற்கவில்லை. மூன்று மணிக்கே சீல் வைத்துவிட்டார்கள். முந்தைய ஆய்வைவிட ஒரு மணி நேரம் மிச்சம் என்று செய்தி மடல் நிர்வாகத் திறனைப் பாராட்டியது.

"உனக்குப் புத்தி இருக்காடி தொமி?" என்று தெஞ்சா அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டே கேட்டாள். "அவங்க திங்கிறாங்கன்னா நீ ஏன் ஊத்துறே?"

"பானை முன்னாடி வந்து உக்காந்தவங்களை வெறும் வாயோட எப்படி அனுப்புறது?"

"எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லு."

"எங்கம்மா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து என்னை அடிப்பா."

"அப்ப கரண்டிய என்கிட்ட குடு. நான் பூட்டி வைக்கிறேன். கரண்டி இல்லேன்னா உன் கை சும்மா இருக்கும்ல?"

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் மூன்றாவது ஆய்வு நடந்தது. கரண்டி தெஞ்சா வீட்டுப் பெட்டியில். தொமித்திலா பானையை ஏற்றினாள், கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றினாள், தழை போட்டாள், உப்புப் போட்டாள். பிறகு கையை முன்துணிக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். லிசென்சியாதோ கரண்டி எங்கே என்று கேட்டார். காணவில்லை என்றாள். அவர் தலையாட்டினார். யாரும் எழுந்து போகவில்லை.

ஃபிதென்சியோ எழுதினார்: 'ஆணையம் காத்திருக்கிறது.' அரை மணி கழித்து எழுதினார்: 'ஆணையம் இன்னும் காத்திருக்கிறது.'

பானை தணலில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது. இஞ்சினியரம்மா வெப்பமானியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஃபிதென்சியோவின் வயிறு ஒரு சத்தம் போட்டது. அவர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான். தொமித்திலாவின் கை அவளைக் கேட்காமலே முன்துணியை விட்டு வெளியே வந்தது. காபிக் கோப்பை ஒன்றை எடுத்துப் பானைக்குள் விட்டது.

"ஒரு கோப்பை மட்டும்தான்" என்றாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

"முறைக்காக மட்டும்" என்று லிசென்சியாதோ கிண்ணத்தை நீட்டினார்.

அன்றைக்கும் பானைக்குச் சீல் வைத்தார்கள். தாள் தீர்ந்துவிட்டதால் முந்தைய சீலின் பின்பக்கத்தில் எழுதினார்கள்.

அறிக்கை நகர்மன்றத்தில் வாசிக்கப்பட்டது. வாத்தியக் குழு இரண்டு பாட்டு வாசித்த பிறகு லிசென்சியாதோ எழுந்தார். மூன்று கட்ட ஆய்வு, பத்து உறுப்பினர்கள், எழுபத்தாறு பக்கம். முடிவு: 'இவ்வூர் வீடுகளில் மறுநாளுக்குப் பயறு எஞ்சும் வழக்கம் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. எஞ்சாத பயறை மசிக்க இயலாது. ஆகவே மசித்து வதக்கிய பயறு நமது பாரம்பரியம் என்பது ஐயத்துக்குரியது.' முத்திரை மறுக்கப்பட்டது. வாசலுக்குச் சீல். எல்லாரும் கைதட்டினார்கள், எழுபத்தாறு பக்கம் முடிந்துவிட்டதே என்ற நிம்மதியும் அதில் இருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தொமித்திலாவைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று தோளில் கிடந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க லிசென்சியாதோ. மறுநாளைக்கு மிஞ்சறதில்லேன்னு எழுதியிருக்கீங்க. சரிதான். யாரு வந்துட்டுப் போன மறுநாளைக்குன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க."

லிசென்சியாதோ விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குத் தனிக் கட்டம் இல்லீங்களே தோஞா" என்றார் வருத்தத்தோடு.

அன்று மாலையே வாசல் கதவில் தாளை ஒட்டினார்கள். அந்த வாசகத்தை லிசென்சியாதோ தாமே எழுதியிருந்தார், கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு முறை திருத்தியும் இருந்தார்: 'நகராட்சி அலுவலர், ஆணைய உறுப்பினர் உட்பட எவரும், எக்காரணம் கொண்டும், இவ்வீட்டினுள் நுழையலாகாது. மீறுவோர் பதவி இழப்பர்.'

தொமித்திலா தெஞ்சாவின் முற்றம் வழியாக, வேலியில் இருந்த சின்னத் திட்டிக் கதவைத் திறந்துகொண்டு தன் வீட்டுக்குள் போனாள். மறுநாள் காலை எழுந்ததும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் கல் பொறுக்கியது. பானை ஏறியது. தழையின் வாசனை சந்துக்குப் போயிற்று; அங்கிருந்து சதுக்கத்துக்கும் போயிருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஆணையம் வாசலில் நின்றது. உள்ளே இருந்து அவள் சன்னல் இடுக்கில் பார்த்தாள். லிசென்சியாதோ கதவில் இருந்த தாளை வாசித்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், யாருடையது என்று தெரிந்துகொண்டார். பதவி என்ற சொல்லில் விரலை வைத்து மறுபடி வாசித்தார். இஞ்சினியரம்மா மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துக்கொண்டார். பிறகு மூவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சவ ஊர்வலத்தில் போகிறவர்கள் மாதிரி நடந்து போனார்கள்.

பானை அன்று அப்படியே இருந்தது. தொமித்திலா அதைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒரு கிண்ணம் தனக்கு, ஒரு கிண்ணம் தெஞ்சாவுக்கு. ராத்திரியில் புளித்துப் போகாமலிருக்கப் பொழுது சாய்வதற்குள் ஒரு கொதி விட்டு இறக்கி வைத்தாள்.

விடிந்ததும் வாணலியில் கொழுப்பு உருகியது. வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவந்ததும், தடித்துப் போயிருந்த பயறைச் சாற்றோடு அள்ளிப் போட்டாள். அது சீறியது. மரமத்தால் அழுத்தி மசித்தாள், கிளறினாள், வற்ற விட்டாள், மறுபடி மசித்தாள். தோள் வலித்தது; அந்த வலி கடைசியாக வந்து மூன்று வாரமாகியிருந்தது. அடி தெரியத் தெரிய வழித்து, கைப்பிடியை ஒரு உலுக்கு உலுக்கினாள். பயறு தானே புரண்டு சுருண்டு, வாணலியின் ஓரத்தில் வந்து படுத்தது. மேலே பாலாடைக்கட்டியை உதிர்த்தாள்.

ஓட்டுநர்கள் தெஞ்சாவின் முற்றம் வழியாக, கொடியில் தொங்கிய துணிகளுக்குக் குனிந்து குனிந்து வந்தார்கள். வண்டிக்கடைக்குப் போன இருவரும் வந்து, மேசைக்கு அடியிலிருந்து நாற்காலியைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ருத்திலியோ கடைசி ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தார். ஆறு மணி வண்டி ஆறு நாற்பதுக்குக் கிளம்பியது. ஊரே நிம்மதியாக ஏறிக்கொண்டது.

திங்கட்கிழமை நகராட்சி வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் தெஞ்சா. அவளுக்குப் பின்னால் தச்சன், தையல்காரி, கோழி வளர்க்கிறவன், செருப்புத் தைக்கிறவன் என்று நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றே: தொமித்திலா வீட்டில் ஒட்டியது போலவே தங்கள் வீட்டுக் கதவிலும் ஒரு தாள், அதே வாசகம், ஒரு சொல் குறையாமல்.

லிசென்சியாதோ நெகிழ்ந்து போனார். தம் எழுத்துக்கு மக்கள் தரும் இந்த மதிப்பைப் பார்க்கத்தான் உயிரோடு இருந்தேன் என்று சொல்லி, உடனே ஒரு விண்ணப்பப் படிவம் அச்சடிக்கச் சொன்னார். அதில் மறக்காமல் ஒரு கட்டமும் வைத்தார்: 'வீட்டுக்குச் சீல் வைக்கக் கோரும் காரணம்.'

மத்தியானம் ஃபிதென்சியோ படிவங்களைச் சேகரித்து, அடுக்கி, தலைவருக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். பாதியில் குரல் இறங்கிவிட்டது, ஆனாலும் கடமை என்பதால் விடாமல் வாசித்தார். நாற்பத்தொரு படிவம், நாற்பத்தொரு கையெழுத்து. காரணம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்:

'மறுநாளைக்கு வீட்டில் ஏதாவது மிஞ்ச வேண்டும்.'